ஓட்டல் சமையல்காரர் மூன்றரை மணிக்கு என்ன சாப்பிடுகிறார்?

ஈரோட்டிலிருந்து மாற்றலாகிக் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு வந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அறையில் தனியாக இருக்கிறார். மூன்று வேளையும் ஓட்டல். நாலு மாதத்தில் 6 கிலோ ஏறிவிட்டது, ராத்திரி படுத்தால் நெஞ்செரிச்சல். ஓட்டலில் எதைப் பார்த்துச் சாப்பிடுவது, ஒரு கரண்ட் அடுப்பை வைத்துக்கொண்டு அறையிலேயே சமைக்க முடியுமா, சமைத்தால் நாலு நாளில் சலித்துப் போகாதா என்பது அவர் கேள்வி.

பதில் சொல்ல எனக்குத் தகுதி கொஞ்சம் உண்டு, உறுத்தலும் கொஞ்சம் உண்டு. திருவனந்தபுரத்து ஓட்டல்களில் வெங்காயம் உரிக்கிற பையனாக நுழைந்து, சரக்கு மாஸ்டர் ஆகி, மொத்தம் 11 வருஷம் அடுப்படியில் நின்றேன். அப்புறம் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் சொந்தமாக ஒரு மெஸ், 16 வருஷம். முட்டு தேய்ந்து நிற்க முடியாமல் போனதும் மூடிவிட்டேன். உங்களைப் போலத் தனியாக வந்து தங்கிய எத்தனையோ பேருக்கு 6 கிலோ ஏற்றிவிட்டதில் என் கைக்கும் பங்கு இருக்கிறது.

மத்தியானக் கூட்டம் கலைந்து, மேசை துடைத்து, வாளிகளைக் கழுவக் கவிழ்த்த பிறகு, மூன்றரை மணி வாக்கில் ஓட்டல் அடுக்களைக்குள் ஒரு பந்தி நடக்கும். வெளியே தெரியாது. ஏழெட்டுப் பேர், காலி எண்ணெய் டின்களின் மேலும் அரிசி மூட்டை மேலும் உட்கார்ந்திருப்போம். பின்னால் பொரித்த சிக்கன் அரைத் தட்டு மிச்சம் இருக்கும். மசாலாச் சட்டியில் விரல் கனத்துக்கு எண்ணெய் தெளிந்து நிற்கும். ஒருத்தரும் தொட மாட்டோம். எங்களுக்கென்று ஓர் ஓரமாக வைத்த சம்பா அரிசிக் கஞ்சி, அதற்குச் சிறுபயறு, சுட்ட பப்படம், வத்தல் மிளகை (காய்ந்த மிளகாயை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கனலில் வாட்டி உள்ளியும் (சின்ன வெங்காயம்) புளியும் தேங்காயும் சேர்த்து அரைத்த துவையல். கிடைத்தால் ஒரு துண்டு சுட்ட கருவாடு. ஏன் மாஸ்டர் அதையெல்லாம் தின்னமாட்டேங்கிறீங்க என்று புதுப் பையன் ஒருத்தன் கேட்டதற்கு, கொல்லத்துக்காரரான எங்கள் பெரிய மாஸ்டர் சொன்னார்: "காலையில இருந்து மோந்து மோந்தே வயிறு நிறைஞ்சாச்சுடா." அது பாதி உண்மை. எதில் என்ன போட்டோம், எத்தனை மணிக்குப் போட்டோம் என்று எங்களுக்குத் தெரியும் என்பது மீதிப் பாதி.

ஓட்டல்காரர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்தத் தொழிலின் கணக்கே வேறு. எத்தனை பேர் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாத கூட்டத்துக்குச் சமைக்கிறோம். காலை 8 மணிக்கு இறக்கிய குழம்பு மத்தியானம் 3 மணிக்கும் கெடக் கூடாது, முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் ஒரே ருசி இருக்க வேண்டும். எண்ணெய், உப்பு, புளி, காரம் நாலும் அந்தக் காவல் வேலையைத்தான் பார்க்கின்றன. குழம்பின் மேல் நிற்கும் எண்ணெயைப் பார்த்து நீங்கள் "நல்லா வதக்கியிருக்கான்" என்று நினைப்பீர்கள். அந்த ஏடு காற்றை மறிக்கிறது, பார்வைக்கும் மினுமினுப்பு, அதனால் விட்டு வைக்கிறோம். சாப்பிடும்போது அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு அடியில் இருப்பதை எடுத்தாலே ஒரு நாளைக்கு இரண்டு ஸ்பூன் எண்ணெய் மிச்சம்.

உள்ளூர்ச் சரக்கில் ஒன்று சொல்கிறேன், இது ஈரோட்டில் தேவைப்பட்டிருக்காது. இங்கே பச்சைத் தேங்காய் அரைத்த கறிகள் அதிகம். அவியல், எரிசேரி என்கிற காய்க் கூட்டு, துவரன் என்கிற பொரியல் எல்லாம் அப்படித்தான். பச்சைத் தேங்காய் சேர்ந்த கறி இந்த ஊர்ப் புழுக்கத்தில் நாலைந்து மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் லேசாகப் பிசுபிசுத்துப் புளிக்க ஆரம்பிக்கும். தேங்காயைக் கறுக்க வறுத்து அரைக்கும் தீயல் மறுநாள்கூட நிற்கும். ஆகவே அவியலில் ஆசை இருந்தால் பன்னிரண்டரைக்குள் போய் உட்காருங்கள். வேலை முடிந்து இரண்டரைக்கு மேல்தான் வர முடியும் என்றால் தீயலைக் கேளுங்கள், அவியலைத் தொடாதீர்கள். இரண்டரை மணிக்கு வரும் சாம்பாரும் பன்னிரண்டு மணிச் சாம்பாரும் ஒன்றில்லை. இடையில் ஒரு வாளி கஞ்சித் தண்ணீர் விழுந்து, ஒரு கை உப்பு கூடியிருக்கும். நீட்டுவது என்போம் அதை. நானும் நீட்டியிருக்கிறேன்.

ராத்திரிச் சமாச்சாரம் இன்னும் சுவாரசியம். விலைப்பட்டியலில் நூறு அயிட்டம் பார்ப்பீர்கள். உள்ளே மூன்று சட்டிதான் இருக்கும்: வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்த ஒரு மசாலா, முந்திரி போட்ட ஒரு வெள்ளை மசாலா, சோயா சாஸ் வகையறா ஒன்று. கேட்டதற்கு ஏற்ப அதில் மிளகு விழும், வெண்ணெய் விழும், பெயர் மாறும். நூறு அயிட்டத்துக்கும் அன்றன்றைக்குக் கறி வாங்கி வைக்க எந்த முதலாளியாலும் முடியாது. ஃப்ரீசர்தான் கைகொடுக்கும். பத்துப் பன்னிரண்டு அயிட்டம் மட்டும் போடுகிற கடை, ராத்திரி ஒன்பது மணிக்கு "தீர்ந்துபோச்சு" என்று கை விரிக்கிற கடை, அதைத் தேடிப் போங்கள். தீர்ந்துபோகிற கடையில் மறுநாளுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

எண்ணெய்க்கும் ஒரு தினசரிப் பயணம் உண்டு. காலையில் புதிதாக ஊற்றிய பாமாயிலில் வடை, மத்தியானம் அதே எண்ணெயில் பப்படம், நாலு மணிக்குப் பழம்பொரி, இருட்டினால் சிக்கன். சிக்கன் மசாலா விழுந்த எண்ணெய் கறுத்துவிடும், அடியில் தூள் தூளாக எரியும். ஒழுங்கான கடைக்காரர் அதோடு அதை ஓரங்கட்டிவிடுவார். மற்றவர் வடிகட்டி, மறுநாள் கொஞ்சம் புது எண்ணெய் கலந்து வடைக்கு வைப்பார். பொரித்துப் பொரித்துச் சிதைந்த எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அளக்கிற கருவி உங்கள் பையில் இருக்காது. வாணலியைப் பாருங்கள்: எண்ணெய் பால் பொங்குவது போல நுரைத்து நுரை அடங்காமல் நின்றாலோ, வெறுமனே காய்கிற போதே புகைந்தாலோ, அந்தக் கடையில் ஒரு கட்டன் சாயாவோடு (பால் விடாத டீ) எழுந்துவிடுங்கள். தொண்டையில் கமறுகிற வடையும் அதைத்தான் சொல்கிறது. சிக்கனில் கையைக் கழுவினாலும் போகாத சிவப்பு ஒட்டினால் அது மிளகாய்ச் சிவப்பு இல்லை. இறைச்சியில் செயற்கை நிறம் சேர்க்க அனுமதியே கிடையாது.

சோற்றைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் உறுத்தல் அங்கேதான் இருக்கிறது. மெஸ் தொடங்கி மூன்றாவது வருஷம் என்று நினைவு. ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை, மத்தியானம் கூட்டம் வரவில்லை, வடித்த சோறு பாதிக் குட்டுவம் (பெரிய அண்டா) மிஞ்சிவிட்டது. கொட்ட மனம் வரவில்லை. துணி போட்டு மூடிவைத்து, ராத்திரி புளிக்காய்ச்சல் கிளறிப் புளிச்சோறு என்று போட்டேன். நல்ல சூடாகத்தான் கொடுத்தேன். பத்து மணிக்குள் கட்டடவேலைக்கு வந்து தங்கியிருந்த பையன்கள் நாலு பேர் வாந்தி. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். அங்கே டூட்டியில் இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "சோறு எத்தனை மணிக்கு வடிச்சது?" என்பது. அரிசியில் ஒட்டியிருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது என்று அவர் சொன்னபோதுதான் நான் கேள்விப்படுகிறேன். பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். 11 வருஷம் அடுக்களையில் நின்றவன், அதுவரை "சூடு பண்ணினா சரியாப் போச்சு" என்றே நம்பியிருந்தேன்.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் ஃப்ரைட் ரைஸ். அதற்கு ஆறிய சோறுதான் தோது, உதிர் உதிராக வரும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் ஏறிய சோறா, மத்தியானம் முதல் கூடையில் கிடந்த சோறா என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. நன்றாகப் பழகிய கடையைத் தவிர வேறெங்கும் ராத்திரி ஃப்ரைட் ரைஸ், லெமன் சோறு, புளிச்சோறு மூன்றையும் நான் வாங்குவதில்லை. உங்கள் அறையிலும் இதே சட்டம்தான். மிஞ்சிய சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் அளந்து வடியுங்கள்.

மயோனைஸ் கதை எல்லையில் இருப்பவர்களுக்கே உரிய வேடிக்கை. பச்சை முட்டையில் அடித்த மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில், ஓராண்டுக்கு என்று, தடை போட்டது. நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் கேரளத்துப் பாறசாலையில் கூடாதது பக்கத்திலேயே தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் கூடும். ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முட்டைக்குள் இருக்கிற சால்மொனெல்லா கிருமி ஒன்றுதான். ஷவர்மா வாங்கியே தீருவது என்றால் மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கறியைச் சீவும்போது உள்பக்கம் வெந்திருக்கிறதா என்று நின்று பாருங்கள். பார்சலாகக் கட்டி எடுத்துப்போய் மணிக்கணக்கில் வைத்துத் தின்னாதீர்கள்.

மீன் சாப்பிடுகிறவர் என்றால், விலைப்பட்டியலைப் பார்க்காமல் "இன்னைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். "சாளை, நெத்திலி" என்று பட்டென்று பதில் வந்தால் உட்காரலாம் (சாளை என்பது மத்தி). "எல்லா மீனும் இருக்கு" என்றால் எல்லாம் ஐஸில் இருக்கிறது என்று பொருள். சாளையும் நெத்திலியும் சீக்கிரம் நொந்துவிடும், விலையும் குறைவு, அதை யாரும் மாதக்கணக்கில் அடுக்கி வைக்கமாட்டார்கள். நெய்மீன் (வஞ்சிரம்) துண்டு எத்தனை நாளாக உறைந்து கிடந்தது என்று சப்ளையருக்கே தெரியாது. குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, கேரளத்திலும் ஜூன் 9 நள்ளிரவு முதல் அதே ஜூலை 31 வரை தடை. அந்த இரண்டு மாதம் வள்ளத்து (சின்னப் படகு) மீன் கொஞ்சம் வரும், மற்றதெல்லாம் தூரத்திலிருந்து லாரியில் வரும். 2018இல் கேரள எல்லையின் அமரவிளை, வாளையார் சோதனைச்சாவடிகளில், பிணம் கெடாமல் வைக்கிற மருந்தான பார்மலின் போட்ட சரக்கு பிடிபட்டதும் ஒரு ஜூன் மாதத்தில்தான். அந்த நாட்களில் நான் மெஸ்ஸில் மீன் குழம்பை நிறுத்தி முட்டைக் கறி வைத்துவிடுவேன். திட்டினார்கள், பரவாயில்லை.

சரி, எதைத் தின்பது என்பதைவிட எப்படித் தின்பது என்பதில்தான் உங்கள் 6 கிலோ இருக்கிறது. சாப்பாடு அளவில்லாமல் என்று போர்டு வைக்கிற முதலாளிக்கு இலையில் ஆக மலிவான பொருள் சோறு. சோறு சீக்கிரம் போய், நிறையப் போய், மேசை இருபது நிமிடத்தில் காலியானால் அவருக்கு லாபம். "இலை வெளுக்கக் கூடாது" என்று நானே என் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதல் சோறு தீருமுன் இரண்டாவது கரண்டி விழுந்துவிட வேண்டும். வயிறு நிறைந்த சேதி தலைக்கு எட்ட ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் மூன்று ரவுண்டு முடிந்திருக்கும்.

அது போதாதென்று இந்த ஊர் இலையில் ஒழிக்கிற, அதாவது சோற்றில் ஊற்றுகிற, கறி அதிகம். உங்கள் ஊரில் சாம்பார், ரசம், தயிர் என்று மூன்று. இங்கே பருப்பும் நெய்யும், சாம்பார், புளிசேரி என்கிற மோர்க்குழம்பு, ரசம், மோர், போதாதற்கு மீன் குழம்பு. விருந்தென்றால் ரசத்துக்கு முன்னாலேயே பாயசமும் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் சோறு என்று போனால் ஆறு தடவை சோறு. எனக்குத் தெரிந்த ஒரே வழி, உட்காரும்போதே இரண்டைத் தேர்ந்துகொள்வது. இன்றைக்குப் பருப்பும் மோரும், நாளைக்குப் புளிசேரியும் ரசமும். சப்ளையரிடம் "அரைச் சோறு போதும் அண்ணே" என்று முதலிலேயே சொல்லுங்கள், "துவரன் இன்னொரு கரண்டி" என்றும் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், கொடுத்துவிடுவார்கள். காய்க் கரண்டி சின்னதாக இருப்பது தற்செயல் இல்லை.

"சம்பாவா, வெள்ளையா?" என்று கேட்டால் சம்பா என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் ஊர்ச் சம்பாவை நினைக்காதீர்கள். இங்கே அது தவிடு ஒட்டிய பருமனான சிவப்புப் புழுங்கல், மலையாளத்தில் மட்ட அரிசி. மெல்லாமல் விழுங்க முடியாது. வெள்ளைச் சோற்றில் எட்டு நிமிடத்தில் முடிக்கிறவர் சம்பாவில் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்வார், நான் கல்லாவிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தே கண்டுகொண்ட விஷயம் இது.

அப்புறம் போன். கிரிக்கெட் நடக்கிற மாதங்களில் ஒருவர் தினமும் வருவார், செம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார். ஒரு நாள் இலையை மடக்கப் போனவர் நிமிர்ந்து, "மீன் குழம்பு இன்னைக்கு இல்லையா?" என்று கேட்டார். இரண்டு தடவை ஊற்றியிருந்தோம். முள்ளெல்லாம் இலை ஓரத்தில் கிடந்தது. அவரும் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, அந்த மீனைக் கழுவிச் சுத்தம் செய்ய விடியற்காலை எழுந்தவள் என் மனைவி.

ஊறுகாய், பப்படம், மோர், சாம்பார் எல்லாவற்றிலும் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓட்டல் இலையில் ஒரு வேளையிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். ஊறுகாயை வைக்கும்போதே வேண்டாம் என்றுவிடுங்கள், வைத்த பிறகு நாக்கு சும்மா இருக்காது. ரோஸ் நிறத்தில் தரும் பதிமுகத் தண்ணீர் (பதிமுகம் என்ற மரத்துண்டு போட்டது) கொதித்ததுதானா என்று மட்டும் பாருங்கள். கொதித்ததில் பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றிக் கொடுக்கிற வழக்கம் உண்டு, மஞ்சள் காமாலை அந்த வழியாகத்தான் பல வீடுகளுக்கு வந்தது. நெஞ்செரிச்சலுக்கு ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள், நான் சமையல்காரன்தான்.

இனி அறைச் சமையல். தனியாக இருக்கிறவர்கள் அடுப்பு வாங்கிய முதல் வாரம் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பிரியாணி செய்வார்கள், சிக்கன் மசாலா செய்வார்கள், இரண்டு மணி நேரம் போகும், பாத்திரம் மலையாகக் குவியும், ஓட்டல் ருசியும் வராது. இரண்டாவது வாரம் அடுப்பு கட்டிலுக்கு அடியில். ஓட்டலில் செய்வதை அறையில் செய்ய நினைத்தால் தோல்விதான். ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்கிற வேலை அது. நாங்கள் மூன்றரை மணிக்கு எங்களுக்கென்று செய்துகொண்டதைச் செய்யுங்கள்.

வீட்டுச் சாப்பாடு என்று உருகுகிறவர்களில் பாதிப் பேர் அடுப்பருகில் நின்றதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் நினைக்கிற வீட்டுச் சாப்பாட்டில் நாலு கூட்டு, இரண்டு குழம்பு, பொரித்த அப்பளம் இருக்கும், அதற்குப் பின்னால் காலை நாலரைக்கு எழுந்த ஒரு அம்மையோ மனைவியோ இருப்பாள். வீட்டிலும் மூன்று நாள் பழைய சாம்பார் ஃப்ரிட்ஜில் உண்டு, பொரித்த எண்ணெயை மறுபடி பாட்டிலில் ஊற்றுவதும் உண்டு. வீட்டில் செய்தது என்ற ஒரே காரணத்தால் ஒன்றும் மருந்தாகிவிடாது.

மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, ஒரு சட்டி, கத்தி, சின்ன மிக்சி போதும். அரைக் கப் சம்பா அரிசியைக் காலையில் ஊறவைத்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் வந்து தண்ணீரை மாற்றி, மூன்று நாலு கப் தண்ணீர் விட்டு, அதன் மேலேயே சின்னக் கிண்ணத்தில் ஒரு பிடி சிறுபயறும் தண்ணீரும் வைத்து மூடி, ஆறு விசில். குளித்துவிட்டு வருவதற்குள் ஆவி அடங்கியிருக்கும். பயற்றில் உப்பு போட்டு, ஒரு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், நாலு நல்லமிளகு (உங்கள் ஊர் மிளகு) இதை நசுக்கிப் போட்டு, தேங்காய்த் துருவல் தூவிக் கிளறினால் முடிந்தது. தாளிக்கக்கூட வேண்டாம். துவையலுக்கு வத்தல் மிளகு மூன்றைச் சட்டியில் வறட்டிப் புரட்டிக்கொண்டு, இரண்டு உள்ளி, நெல்லிக்காய் அளவுகூட வேண்டாம், சுண்டைக்காய் அளவு புளி, அரை மூடித் தேங்காயில் பாதி, உப்பு. தண்ணீர் விடாமல் கரகரவென்று அரைக்க வேண்டும். மை போல அரைத்தால் ருசி போய்விடும். கஞ்சி ஆறுவதற்குள் இதெல்லாம் முடியும், அடுப்பருகில் நிற்பது பதினைந்து நிமிடம்தான்.

சலிக்காதா என்று கேட்டீர்கள். கஞ்சி மாறாமல் இருக்கட்டும், தொட்டுக்கொள்வதை மாற்றுங்கள். திங்கள் பயறு, செவ்வாய் முருங்கைக்கீரைத் துவரன், புதன் இரண்டு முட்டை, வியாழன் மரச்சீனி. மரச்சீனிதான் உங்கள் பக்கத்து மரவள்ளி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பரப்பப் பாடுபட்டார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது இந்த நாட்டுக்காரர்களின் வயிற்றைக் காத்தது இந்தக் கிழங்குதான். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பக்கத்துத் தாலுகாக்களான விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும்தான் இருந்தன, அதனால் என் பாட்டாவுக்கு மரச்சீனி இல்லாத ராத்திரி கிடையாது. இதை மட்டும் குக்கரில் போடாதீர்கள். தோல் நீக்கித் துண்டாக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயல்பாகவே சயனைடு விடுகிற சத்து கொஞ்சம் உண்டு, அது தண்ணீரோடும் ஆவியோடும் போக வேண்டும். கசக்கிற கிழங்கை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். காந்தாரி மிளகாயையும் உள்ளியையும் உப்போடு நசுக்கி, ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுத் தொட்டுக்கொண்டால் வேறொன்றும் கேட்காது. சாளை வாங்கிப் புளி ஊற்றி வைக்கலாம், அதற்கு முன் வீட்டுக்காரர் சைவமா என்று விசாரித்துவிடுங்கள்.

ஏழு நாளும் சமைக்கச் சபதம் எடுக்காதீர்கள், முறியும். ராத்திரிகளில் ஐந்து நாள் அறையில் கஞ்சி, காலை இட்லி அல்லது ஆப்பம் கடையில், மத்தியானம் மேலே சொன்ன அரைச் சோறு. இப்படி ஓட்டித்தான் என் மெஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையன், தூத்துக்குடிக்காரன், ராத்திரிச் சாப்பாட்டையே என்னிடம் நிறுத்திக்கொண்டான். நான்தான் அவனுக்குக் குக்கர் வாங்கக் கடை காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பரோட்டா தின்னலாம், மைதாதான், எண்ணெய்தான், தெரிந்தே தின்பது வேறு. கல்லில் போட்டு எடுத்து மாஸ்டர் இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கிற நேரத்தில் போங்கள், இரண்டோடு நிறுத்துங்கள், சால்னாவை ஊற்றாமல் கிண்ணத்தில் வாங்குங்கள்.

சம்பா அரிசி வாங்கும்போது கடைக்காரரிடம் "கஞ்சிக்கு" என்று சொல்லிக் கேளுங்கள், சோற்றுக்கும் கஞ்சிக்கும் வேறு வேறு ரகம் எடுத்துத் தருவார். ஊறப் போட்ட அரிசி இந்த ஊர்ப் புழுக்கத்தில் சாயங்காலத்துக்குள் லேசாக நுரைத்திருக்கும், பயப்பட வேண்டாம், இரண்டு தண்ணீர் கழுவிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.